கோழி இறக்கையும் கரும்புத் தோட்டமும்



'எனக்குப் பிடித்த உணவு' என்னும் தலைப்பில் நான்காம் ஆண்டு மாணவர்களைக் கட்டுரை எழுதப் பணித்தேன். தோசையும் நாசி லெமாவும் நிறைய வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவற்றுள் பெரும்பாலானவை கோழியைப் பற்றியவை. அவற்றுள்ளும், பாகு பூசிப் பளபளக்கும் மொறுமொறுப்பான கோழி இறக்கைக்கே முதலிடம்! ஒரு மாணவி, அது கொரியாவில் பிறந்த உணவு என்றும், தமிழர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும், ஆயினும் மிகவும் சுவையானது என்றும் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் 'தொடர்பில்லை' என்ற சொல்லின்மேல் என் சிவப்பு மைப் பேனா நின்றுவிட்டது.

அந்தத் தட்டில் இருப்பவை இரண்டே பொருள்கள்: கோழி ஒன்று, சீனி மற்றொன்று. கோழி நம் வீட்டு அன்றாட உணவாகி ஓர் அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. சீனிக்கும் நமக்குமோ ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டு உறவு உண்டு. அவ்வுறவு, இதோ நாம் வாழும் புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றியுள்ள மண்ணிலேயே தொடங்கியது. அதைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

முதலில் கோழி. உலகின் வீட்டுக்கோழிகள் அனைத்திற்கும் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளில் திரியும் செங்காட்டுக்கோழியே. செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழ்பவர்கள் இன்றும் காலை வேளையில் அதைக் காணலாம். மலாய் மொழியில் ஆயாம் ஹுத்தான் என்பார்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் ஊரில் கிடைத்த எலும்புகளையே ஐயத்திற்கிடமில்லாத மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகளாகக் கொள்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரை. நெல்லும் தினையும் விளையத் தொடங்கிய இடங்களில், சிந்திய மணிகளைத் தேடிக் காட்டிலிருந்து இறங்கி வந்த பறவை அப்படியே மனிதனோடு தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து.

அவ்வளவு நீண்ட உறவிருந்தும், கோழி நெடுங்காலம் நாள்தோறும் உண்ணும் உணவாக இருந்ததில்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். லயத்து வீட்டின் பின்புறம் நான்கைந்து கோழிகள் மேயும். அவை முட்டைக்கும் அவசரச் செலவுக்கும் உரியவை. அறுப்பது தீபாவளிக்கு, அல்லது மாப்பிள்ளை விருந்துக்கு, அல்லது முனியாண்டி சாமிக்கு நேர்ந்துகொண்ட சேவலாக இருந்தால் படையலுக்கு. ஒரு கோழி ஒரு குடும்பத்திற்கு என்றால், தொடை விருந்தினருக்குப் போகும். இறக்கை குழம்பிலேயே கிடந்து, எலும்பின் சாரத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பிள்ளைகளின் கைக்கு வரும். ஒரு கிலோ இறக்கை வாங்க வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு இறக்கை வேண்டும்; ஐந்தாறு கோழிகளை அறுத்தாக வேண்டும்! அக்காலத்தில் எந்த வீட்டில் அது நடக்கும்?

இம்மாற்றத்தின் தொடக்கம் நம் ஊரில் இல்லை. 1923இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் சிசிலியா ஸ்டீல் என்னும் இல்லத்தரசி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். தவறுதலாக 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. திருப்பியனுப்பாமல் இறைச்சிக்கென வளர்த்து விற்றார். பிராய்லர் கோழித் தொழிலின் பிறப்பை இக்கதையிலிருந்தே சொல்வது வழக்கம். அதன்பின் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கம் பறவையின் உடலையே மாற்றியது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய காலத்து இனங்களை ஒரே தீனி கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தனர். 56ஆம் நாளில் அவற்றின் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! ஒரே வயது, ஒரே தீவனம். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே பறவைதானா என்ற ஐயம் எழும்.

கோழி மலிந்தபோது ஒரு சிக்கல் பிறந்தது. நெஞ்சும் தொடையும் விற்றுத் தீர்ந்தன, இறக்கை குவிந்தது. அதைச் சூப்புக்கு வைப்பதைத் தவிர வேறு பயன் தெரியவில்லை. வியப்பான செய்தி என்னவென்றால், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதற்கு ஒரே விடையைக் கண்டன. நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரின் ஆங்கர் பார் உணவகத்தில் 1964இல் தெரசா பெல்லிசிமோ இறக்கையைப் பொரித்து வெண்ணெயும் மிளகாய்ச் சாறும் கலந்து புரட்டினார். (அதே நகரின் ஜான் யங் என்னும் கறுப்பினச் சமையற்காரர், தாமே முன்னோடி என்று உரிமை கோரினார். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.) ஜப்பானின் நகோயா நகரிலும் 1960களில் ஃபுராய்போ என்னும் கடை, சூப்புக்கு ஒதுக்கப்பட்ட இறக்கைகளை மாவின்றிப் பொரித்து, இனிப்பும் சோயாவும் பூண்டும் சேர்ந்த சாற்றைப் பூசி, மிளகு தூவி விற்றது. பாகு பூசிய இறக்கைக்கு இதை முன்னோடியாகக் கொள்ளலாம்.

மாணவி சொன்ன கொரியா இதற்குப் பிறகே வருகிறது. 1980 வாக்கில் தேகு நகரில் யூன் ஜோங்-கே என்பவர், பொரித்த கோழி ஆறியதும் கடினமாகி உண்பவரின் வாயைக் குத்துவதைக் கண்டார். மாவுச்சத்துப் பாகும் மிளகாய்த் தூளும் பூண்டும் கலந்த சிவந்த கூழைப் பூசி அதை மென்மையாக்க முயன்றார். பாகு அங்கு மெருகுக்காக வரவில்லை. ஆறிய கோழிக்கு மருந்தாக வந்தது. 1991இல் கூமி நகரில் தொடங்கிய கியோச்சோன் நிறுவனம் சோயாவும் பூண்டும் பூசிய கோழியைப் பரப்பியது. பின்னர் கொரியத் தொலைக்காட்சி நாடகங்களோடு அச்சுவை நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் 1973இல் கோலாலம்பூரில் கே.எப்.சி.யின் முதல் கடை திறக்கப்பட்டது. பொரித்த கோழி என்பது கடையில் அமர்ந்து வாங்கி உண்ணும் பண்டம் என்ற பழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. உள்ளூரில் பசார் மாலாமில் தேன் பூசிச் சுட்ட இறக்கையும், சீன உணவுக் கடைகளில் மால்ட் சர்க்கரை பூசிய வறுவலும் முன்பே இருந்தன. இன்று மலேசியர் ஒருவர் ஆண்டுக்கு 40 கிலோவுக்கு மேல் கோழியிறைச்சி உண்கிறார். 2022இல் கோழி தட்டுப்பட்டபோது அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஏற்றுமதிக்கே தடை விதிக்கப்பட்டதும், கோழிக்கான விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1 அன்று நீங்கியதும் நினைவிருக்கும். தீபாவளிக்கு மட்டும் அறுத்த பறவை, அரசாங்கம் விலை வைத்துக் காக்க வேண்டிய அன்றாடப் பண்டமாகிவிட்டது.

கோழியின் கதை இவ்வளவே. இனிச் சீனிக்கு வருவோம். நான் சொல்ல விரும்பியது இதுதான்.

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் நாம் பால்மரத்தில் தொடங்குகிறோம். மேடைப் பேச்சிலும் மாணவர் கட்டுரையிலும், அதிகாலையில் பால் வெட்டப் போன பாட்டனும் பாட்டியுமே வருகிறார்கள். செபராங் பிறையைப் பொறுத்தவரை இது வரலாற்றின் இரண்டாம் இயல். முதல் இயல் கரும்பு.

1786இல் பினாங்குத் தீவையும் 1800இல் எதிர்க்கரையையும் பெற்ற ஆங்கிலேயர், அக்கரைக்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்டனர். அங்கே பத்து காவான் பகுதியில் முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் தியோச்சியூ சீனர்கள். நாம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்று சொல்வதே சீன நாட்டின் பெயரால்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களோடு வந்தனர். சிலர் மொரிசியசிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் சீனித் தொழிலைக் கற்று வந்தவர்கள். அடிமைமுறை 1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் ஒழிந்தபின், கரும்புக்கு ஆள் வேண்டும் என்ற கேள்விக்கு உலகெங்கும் ஒரே விடை கூறப்பட்டது: இந்தியர். மொரிசியஸ், கயானா, பின்னர் 1860 முதல் நேட்டால். அதே விடைதான் செபராங் பிறைக்கும் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினர்.

அவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்றோம். கப்பற்கட்டணமும் முன்பணமும் கடனாகத் தலைமேல் ஏற, அது தீரும்வரை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் தோட்டத்தை விட்டு விலக உரிமையில்லை. விலகினால் அது கூலித் தகராறு அன்று, குற்றம், சிறைக்கு அனுப்பலாம். கரும்பு பால்மரத்தைப் போன்ற பயிரும் அன்று. சதுப்பை வெட்டி வாய்க்கால் எடுக்க வேண்டும். வெட்டிய கரும்பை விரைவில் ஆலைக்குக் கொண்டுசேர்க்காவிடில் சாற்றின் இனிப்புக் கெடும். ஆதலால் அறுவடைக் காலத்தில் இரவு பகல் பாராமல் வேலை நடக்கும். ஆலையில் கொதிக்கும் கொப்பரை, வெளியே மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும். 1870களில் இத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றி அரசு விசாரணை வைக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது. சஞ்சி முறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. அதே காலத்தில் ரப்பர் விலை ஏற, கரும்பு அழிக்கப்பட்டுப் பால்மரம் நடப்பட்டது. கரும்பின் நினைவும் அதோடு வேரறுக்கப்பட்டது போலும்!

பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டமும், அங்கே பாழடைந்து நிற்கும் 99 கதவு மாளிகையும் உள்ளன. பினாங்கு சீனித் தோட்ட நிறுவனத்தை நடத்திய ராம்ஸ்டன் குடும்பத்தாரின் மாளிகை அது. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பேய் மாளிகை என்றே அறிவார்கள். நம் புக்கிட் மெர்தாஜாமில் அல்மா என்று நாள்தோறும் சொல்கிறோம். 1854இல் கிரிமியப் போர் நடந்த ஓர் ஆற்றங்கரையின் பெயர் அது. இதே வட்டாரத்தின் மலாகோஃப் தோட்டமும் அதே போரில் 1855இல் வீழ்ந்த ஒரு கோட்டையின் பெயரைத் தாங்கியது. முதலாளிகள் தம் வெற்றிகளை இம்மண்ணில் எழுதிச் சென்றனர். கரும்பு வெட்டியவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை. பத்து காவானில் 2014இல் இரண்டாம் பாலம் திறந்தபின் எழுந்த கடைத்தொகுதிகளுக்கு வார இறுதியில் குடும்பத்தோடு செல்கிறோம். அங்கே வண்டியை நிறுத்தும் இடம் கரும்பு விளைந்த வட்டாரம் என்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

கரும்பு தமிழனுக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூற்றில் ஔவையார் பாடியுள்ளார். கரும்பைக் கொண்டுவந்த பெருமை பாடப்பட்ட இனம், பிற்காலத்தில் கரும்பிற்காகக் கொண்டுசெல்லப்பட்டது.

கதை இங்கே முடியவில்லை. 1959இல் மலாயன் சீனித் தயாரிப்பு நிறுவனம் பிறையில் நிறுவப்பட்டு, 1964இல் நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலையாக இயங்கத் தொடங்கியது. பஃபலோவில் இறக்கை பொரிக்கப்பட்ட அதே ஆண்டு! 'குலா பிறை' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று மூலச் சர்க்கரை பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. வெளுப்பது மட்டும் நம் பக்கத்து ஊரில். ஆகவே, கொரியப் பெயர் தாங்கிய அந்த இறக்கையின் மேலுள்ள மினுமினுப்பு நம் வீட்டிலிருந்து அரைமணிநேரத் தொலைவில் உள்ள ஆலையிலிருந்து வந்திருக்கக்கூடும். இதைத்தான் அம்மாணவியின் தாளின் ஓரத்தில், 'சீனி எங்கிருந்து வந்தது?' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. பெற்றோர்கள் பொறுத்தருள வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4. ஏறத்தாழ மூவரில் ஒருவர்! முன்னோர் சீனியை விளைவித்தும் காய்ச்சியும் மடிந்தனர். பேரப்பிள்ளைகள் அதையே உண்டு நோயுறுகின்றனர். மரபுக் கூறும் வாழ்க்கைமுறையும் இதில் கலந்துள்ளன. எல்லாப் பழியையும் இனிப்பின்மேல் போடுவது முறையன்று. ஆயினும் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்த அரசுக்குத் தெரிந்தது, நம் பிறந்தநாள் விருந்துகளில் இன்னும் எட்டவில்லை. பாகு பூசிய இறக்கையை விலக்கு என்று பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. வீட்டில் செய்தால் சீனியின் அளவு நம் கையில் இருக்கும். அதனால் செய்முறையையும் எழுதிவிடுகிறேன். வரலாற்றுக் கட்டுரையில் அடுப்படி எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்யலாம், செய்யட்டும்.

ஒரு கிலோ இறக்கை நான்கு பேருக்குப் போதும். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது என்பதே முதற்பாடம். தாளால் நன்கு ஒற்றியெடுத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் புரட்டி, குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில் இரண்டு மணி நேரமாவது வைத்தால் தோல் உலர்ந்துவிடும். மற்ற உணவின்மேல் பச்சை இறைச்சி நீர் சொட்டாமல் பார்த்துக்கொள்க. பிறகு நான்கு மேசைக்கரண்டி சோளமாவும் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவும் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். அரிசிமாவு நம் முறுக்கின் இரகசியம்; கொரியரிடம் கடன்வாங்க வேண்டியதில்லை.

இருமுறை பொரிக்க வேண்டும். முதலில் மிதமான சூட்டில், ஏறத்தாழ 160 பாகையில், எட்டுப் பத்து நிமிடம். அப்போது உள்ளே வெந்து, தோலின் கொழுப்பு உருகும். எடுத்துக் கம்பித்தட்டில் பத்து நிமிடம் ஆறவிட்டால் உள்ளிருக்கும் நீராவி வெளியேறும். பின் 190 பாகை சூட்டில் இரண்டு மூன்று நிமிடம். இரண்டாம் முறையில்தான் மேற்பரப்பு கலகலக்கும். எண்ணெய் வேண்டாம் என்போர் கம்பித்தட்டில் பரப்பி மின்னடுப்பில் 220 பாகையில் முக்கால் மணி நேரம் சுடலாம். மாவோடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்தால் தோல் பொரித்தது போலவே வரும்.

பாகுக்கு வருவோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்த தாய்மார்களுக்கு நான் கற்பிக்க ஒன்றுமில்லை. ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி தேன், இரண்டு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப், ஒரு மேசைக்கரண்டி புளிக்கரைசல், நசுக்கிய பூண்டு நான்கு பல், சிறிது இஞ்சி, அரைத்த காய்ந்த மிளகாய் ஒரு தேக்கரண்டி. இவற்றை அரைக் கோப்பை நீரில் கொதிக்கவிட்டு, கரண்டியின் பின்புறம் படியும்வரை வற்றவிடுங்கள். கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னே இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் வந்தால் ஆறியதும் பல்லில் ஒட்டும். நீர்த்திருந்தால் மொறுமொறுப்பைக் குடித்துவிடும். இனிப்புக் கிச்சாப் ஊற்றுவோர் சீனியை விட்டுவிடலாம்; அதில் பாதிக்கு மேல் சீனிதான். புளி இல்லாவிடில் இனிப்பை நாக்கு மேலும் மேலும் கேட்கும். புளிப்பும் பூண்டும் உறைப்பும் இருந்தால் இந்த இரண்டு கரண்டியே போதுமென்று தோன்றும். தேன் விரைவில் கருகும். மின்னடுப்பில் சுடுவோர் கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் பூச வேண்டும்.

பொரித்ததும் புரட்டி, உடனே பரிமாற வேண்டும். எள் தூவுவது உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் எள்ளுக்குப் பதில் கறிவேப்பிலையைப் பொரித்து நொறுக்கிப் போடுவோம். பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தார்கள், இப்போது அதில்லாவிட்டால் கேட்கிறார்கள். மிஞ்சிய பாகு, புட்டியில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. மிஞ்சிய இறக்கையை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், இதுவரை மிஞ்சியதில்லை.